கட்டுமாவடி மானிட்டரும் என் சர்வீஸ் ரிப்போர்ட்டும்

சர்வீஸ் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் ஐந்து பேருக்கும் உதவுகிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று முதலாளி கேட்டார். முப்பத்தொரு வருஷம் புதுக்கோட்டையில் ஒரே கடையில், ஒரே மேசையில் உட்கார்ந்து கம்ப்யூட்டரும் மானிட்டரும் பழுது பார்த்தவனிடம் சொல்ல நிறைய இருக்கும் என்று அவர் நினைக்கிறார். இருப்பதில் பாதி உங்களுக்கு உதவாது. பழைய குழாய் மானிட்டரை முதுகு பிடிக்காமல் தூக்குவது எப்படி என்று இனி யாருக்குத் தெரிய வேண்டும்? எந்தப் பேனலை எப்படிக் கழற்றுவது என்பதைச் செல்போனில் வீடியோ பார்த்தே கற்றுக்கொள்வீர்கள். என்னைவிட நன்றாகவே கற்றுக்கொள்வீர்கள்.

அதனால் நான் பெருமைப்படும் கதைகளை எல்லாம் விட்டுவிடுகிறேன். அவற்றை ரிட்டயர்மென்ட் விழாவிலேயே சொல்லித் தீர்த்தாயிற்று. பாதிப் பேர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இங்கே எழுதுவது, ஓய்வு பெறுவதற்கு நாலு மாதம் இருக்கும்போது நான் செய்த ஒரு தப்பு. இதை உங்களுக்குப் படிக்கக் கொடுக்க முதலாளிக்கு மனம் வருமா என்று தெரியவில்லை. இது உங்கள் கைக்கு வந்திருந்தால் அவரும் கொஞ்சம் மாறியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் விராலிமலை டைல்ஸ் கடைக்காரரைப் பற்றி இரண்டு வார்த்தை. அவருக்கு நாற்பத்தைந்து வயது. கடையில் ஆள் வராத மத்தியான நேரத்தில் கம்ப்யூட்டரில் கார் ரேஸ் ஆடுவார். இந்த வயதில் கேமா என்று ஒரு தடவை கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். நீங்கள் யாரிடமும் கேட்காதீர்கள். அவர் எங்களிடம் ஒரு 4கே கேமிங் மானிட்டர் வாங்கினார். நொடிக்கு நூற்று நாற்பத்து நாலு முறை படம் மாறும் வகை. பெட்டியில் வந்த கேபிள் நீளம் போதாது என்று, துபாயில் இருக்கும் தம்பி எப்போதோ கொண்டுவந்து கொடுத்த பழைய கேபிளைப் போட்டுக்கொண்டார். மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அங்கே போனபோது பார்த்தேன். அந்தப் பழைய கேபிளால் மானிட்டர் நொடிக்கு முப்பதில்தான் ஓடிக்கொண்டிருந்தது. "படம் நல்லாத்தானே வருது சார், கார்தான் கொஞ்சம் தள்ளாடுது. ரோடு அப்படின்னு நெனச்சேன்" என்றார்.

படம் வருகிறது என்பதும் மானிட்டர் சரியாக ஓடுகிறது என்பதும் இப்போது ஒன்றல்ல. பழைய மானிட்டரில் கோளாறு இருந்தால் நிழல் விழும், நிறம் மாறும், அதுவே காட்டிக் கொடுத்துவிடும். இப்போது வரும் வேகமான இணைப்புகள் அப்படி இல்லை. சின்ன அழுக்கு, சின்ன வளைவு எதுவும் குறைந்த வேகத்தில் தெரியாது. வண்டியில் மெதுவாகப் போகும்போது தெரியாத பள்ளம் வேகத்தில் தூக்கிப் போடுகிறதே, அந்த மாதிரிதான். இதை நான் எல்லோருக்கும் வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். இவ்வளவு தெரிந்தவன்தான் கோட்டை விட்டேன்.

ஜெனிபர் கட்டுமாவடிப் பெண். இருபத்தாறு வயது இருக்கும். கணவர் குவைத்தில். வீட்டில் மாமனார் சூசை, ஒன்றேகால் வயதுப் பிள்ளை, இவள். காரைக்குடியில் கம்ப்யூட்டர் படித்தவள். வெளிவருவதற்கு முன்னால் கேம்களை ஆடிப் பார்த்து, அதில் எங்கே என்ன தப்பு இருக்கிறது என்று எழுதி அனுப்பும் வேலை கிடைத்திருந்தது. வீட்டிலிருந்தே பார்க்கலாம். கம்ப்யூட்டரை நிறுவனம் அனுப்பிவிடும். மானிட்டரை நாம் வாங்கிக்கொள்ள வேண்டும். அது 4கே தெளிவில், நொடிக்கு இருநூற்று நாற்பதில், புதிய வகை டிஸ்ப்ளே போர்ட் இணைப்பு வழியாக ஓட வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. குறிப்பிட்ட ஒரு புதன்கிழமை பதினோரு மணிக்கு வீடியோ காலில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை நிரந்தரம். ஓடாவிட்டால் பெங்களூரு ஆபீசுக்கு வந்து உட்கார வேண்டும். பிள்ளையையும் மாமனாரையும் விட்டுவிட்டு அவளால் போக முடியாது. ஆகவே ஓடாவிட்டால் வேலை இல்லை.

இதை எல்லாம் அவள் வாங்க வந்த வெள்ளிக்கிழமையே தெளிவாகச் சொன்னாள். நானும் கேட்டுக்கொண்டேன். மாவட்டத்தில் அந்த வகை மானிட்டரை நாங்கள் விற்பது அதுதான் முதல் தடவை என்பதால் கடையே சுற்றி நின்றது.

வழக்கம்போலப் பெட்டியைப் பிரித்து மேசையில் வைத்து ஓட்டிக் காட்டினேன். எங்கள் சோதனைக் கம்ப்யூட்டரால் அறுபதுக்கு மேல் போக முடியாது. அறுபதில் படம் பளிச்சென்று வந்தது. பிறகு பொட்டு. எங்கள் கடையில் பெரிய சாமான் எது விற்றாலும் சந்தனம், குங்குமம் வைத்துத்தான் கொடுப்போம். முன்பு மானிட்டரின் முன்பக்கச் சட்டத்தில் வைப்போம். இப்போது வருபவற்றில் சட்டமே இல்லை, விளிம்புவரை திரைதான். சந்தனம் பட்டால் கறை போகாது. அதனால் மானிட்டரை மெத்தைத் துணியில் குப்புறப் படுக்க வைத்து முதுகில் பொட்டு வைக்கலாம் என்று நான்தான் மாற்றினேன். நல்ல யோசனை என்று முதலாளி பாராட்டினார். பொட்டு வைத்தால் சாமான் வாடிக்கையாளருடையது. அதன் பிறகு நாங்கள் அதில் எதையும் செருக மாட்டோம், பெட்டிக்குள் வைத்து ஒட்டிவிடுவோம். அன்றும் அப்படியே நடந்தது.

அடுத்த புதன்கிழமை, சோதனைக்குச் சரியாக ஒரு வாரம் இருக்கும்போது, ஜெனிபர் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கையில் ஒரு தாள்.

"சார், இருநூத்தி நாப்பதுல வச்சா மட்டும் பத்து நிமிஷத்துக்கு ஒருக்கா கறுப்பாயிட்டு வருது. நூத்தி இருவதுல கறுக்கல. பக்கத்துல இருக்க இன்னொரு ஓட்ட, எச்.டி.எம்.ஐ., அது வழியா போட்டாலும் கறுக்கவே இல்ல. எத்தன மணிக்கு எத்தன தடவ வந்துச்சுன்னு இதுல எழுதிருக்கேன்."

அந்தத் தாளை நான் வாங்கி, மேசையில் வைத்து, அதன் மேல் என் டீ டம்ளரை வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் படிக்கவும் இல்லை. எங்கள் கம்ப்யூட்டரில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகி ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். ஒரு குறையும் இல்லை.

"கடையில நல்லா ஓடுதும்மா. உங்க கம்ப்யூட்டர்லதான் ஏதோ இருக்கு, அவங்ககிட்டக் கேளுங்க" என்றேன்.

அந்த இணைப்பில் கோளாறு வரவில்லை என்று அவளே சொல்லியிருந்தாள். கோளாறு இல்லாத இடத்தில் தேடிவிட்டு, கோளாறு இல்லை என்று அனுப்பிவைத்தேன். அவள் தாளை எடுத்து, டீக் கறையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மறுபடியும் வந்தாள். இந்தத் தடவை பெட்டியை மாமனார் சூசை தூக்கிவந்தார். பிள்ளை அவள் இடுப்பில். அன்றைக்குக் கடையில் கூட்டம். ஒரு பள்ளிக்கூடத்துக்காரர்கள் பத்து கம்ப்யூட்டரோடு ஒரு பக்கம், பிரிண்டரைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வக்கீல் குமாஸ்தா ஒரு பக்கம். நான் காலையிலிருந்து சாப்பிடவில்லை. காரணம் சொல்வதாக நினைக்காதீர்கள். கூட்டம் எல்லா சனிக்கிழமையும்தான் இருக்கும்.

"அங்கேயும் கேட்டுட்டேன் சார். கம்ப்யூட்டர் சரியா இருக்காம். டிஸ்ப்ளே போர்ட்ட ஒருதடவ பாருங்களேன்" என்றாள்.

மானிட்டரைக் குப்புறப் போட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன். துளைக்குள் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. நிமிர்ந்தேன். பிள்ளையின் சட்டைக் கையில் பருப்புச் சோறு மஞ்சளாகக் காய்ந்து ஒட்டியிருந்தது. எனக்கு வழக்கு முடிந்துவிட்டது. எல்லாம் சேர்ந்து பத்து நொடி ஆகியிருக்கும்.

"ஏம்மா, பிள்ள சாப்பிட்ட கையோட வெளையாடிருக்கு. போர்ட்டுக்குள்ள சோறு கெடக்கு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். மற்றவர்களுக்கும் ஒரு பாடமாக இருக்கட்டுமே என்று.

"இல்ல சார், பிள்ள அந்த ரூமுக்கே வராது. கதவச் சாத்தி வச்சிருப்பேன்" என்றாள்.

"பிள்ளைங்க எங்கிட்டுப் போகும் எங்கிட்டு வரும்னு நமக்குத் தெரியுமா?" என்றேன். பள்ளிக்கூடத்துக்காரர் சிரித்தார்.

சூசைக்கு முகம் கறுத்துவிட்டது. அவர் மருமகள் பக்கம் திரும்பி, "ஒரு புள்ளயப் பாத்துக்கத் துப்பில்ல. ஒனக்கெல்லாம் எதுக்கு வேல?" என்றார். கடையில் அப்போது பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தோம். ஜெனிபர் தலையைக் குனியவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். நான் படிவத்தை எடுத்து, "டிஸ்ப்ளே போர்ட்டில் உணவுப் பொருள்" என்று எழுதி, "வாடிக்கையாளர் கவனக்குறைவு" கட்டத்தில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு, மானிட்டர் கம்பெனியின் திருச்சி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பினேன். ஒரு நகலையும் மானிட்டரையும் அவர்களிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். திங்கட்கிழமை காலை பதில் வந்தது. வாரன்டி கிடையாது. அதை ஜெனிபருக்குப் போனில் சொன்னபோது, "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மத்தியானம் விராலிமலை ஸ்டுடியோ ஒன்றுக்கு அதே வகையில் இன்னொரு மானிட்டர் விற்றோம். சோதித்தேன், குப்புறப் படுக்க வைத்தேன், சந்தனக் கிண்ணத்தை எடுத்தேன். பன்னீர் கொஞ்சம் அதிகமாகி, சந்தனம் தண்ணியாக இருந்தது. பொட்டிலிருந்து ஒரு சொட்டு கிளம்பி, மானிட்டரின் முதுகில் இருந்த சரிவில் மெதுவாக இறங்கி, டிஸ்ப்ளே போர்ட்டின் வாயில் போய் நின்றது. பழைய மானிட்டர்களில் துளைகள் கீழ்ப்பக்கம் பார்த்து இருக்கும். இந்த வகையில் நேராகப் பின்பக்கம் பார்த்து இருக்கின்றன. குப்புறப் போட்டால் வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு கிடக்கும். என் மகத்தான யோசனை இப்படித்தான் வேலை செய்துகொண்டிருந்தது.

துணியால் அந்தச் சொட்டை ஒற்றி எடுத்தேன். துணியில் மஞ்சள். சனிக்கிழமை டார்ச் வெளிச்சத்தில் பார்த்த அதே மஞ்சள். அதற்கு மேல் எனக்கு நிரூபணம் ஒன்றும் தேவைப்படவில்லை. துணியைப் பிடித்தபடியே மேசையோரம் சாய்ந்தேன். ஸ்டுடியோக்காரர், "என்ன சார், சுகர் எறங்கிருச்சா?" என்று நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்.

முதலாளியின் அறைக்குப் போய்ச் சொன்னேன். அவர் கெட்ட மனிதர் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பெண் கல்யாணத்துக்கு முன்னால் நின்றவர். கேட்டுவிட்டு, "உள்ள போயிருக்கும்னு சொல்றீங்களா, போச்சுன்னு சொல்றீங்களா?" என்றார்.

"போச்சுங்க. என் கைதான்."

"சரி. ஒரு புது கேபிள், சுத்தம் பண்ற ஸ்ப்ரே எல்லாம் எடுத்துட்டுப் போங்க. சரி பண்ணிக் குடுத்துட்டு வாங்க. ஒரு சாரி சொல்லிட்டு வாங்க. ஆனா எதையும் எழுதிக் குடுக்காதீங்க. நாம எழுதி அனுப்புன ரிப்போர்ட்டு பொய்னு நாமளே எழுதுனா, சர்வீஸ் பண்ற உரிமைய எடுத்துருவாங்க. இந்த மேசைய நம்பி ஏழு பேரு இருக்காங்க. உங்களுக்கு இன்னும் நாலு மாசம். நல்லபடியாப் போங்க."

அவர் சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். போகும்போது எனக்கும் அதே எண்ணம்தான். சரி செய்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக ஆறிவிடும்.

செவ்வாய்க்கிழமை காலை அறந்தாங்கி போய், அங்கே பஸ் மாறி, பத்து மணிக்குக் கட்டுமாவடியில் இறங்கினேன். மீன் மார்க்கெட் தாண்டி மூன்றாவது சந்து. ஜெனிபர் கதவைத் திறந்தாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. நான் நின்றுகொண்டே சொன்னேன்.

"அம்மா, போர்ட்டுக்குள்ள இருக்கது சோறு இல்ல. சந்தனம். கடையில நான் வச்ச பொட்டு. உங்க மேலயும் பிள்ள மேலயும் ஒரு தப்பும் இல்ல."

இந்த நாலு வரியை அறந்தாங்கியிலிருந்து பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

அவள் உள் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு, "நாங்க வேதக்காரங்க சார், மாதா கோயிலுக்குப் போறவங்க. எங்க வீட்டுல சந்தனமே கெடையாது. பொட்டு வைக்கும்போது நல்லதுக்குத்தானே வைக்கிறாங்கன்னு நானும் சும்மா இருந்தேன். வீட்டுக்கு வந்து மேல இருந்ததத் தொடச்சேன். உள்ளயும் இருக்கும்னு தோணல" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "நீங்க அவ்வளவு அடிச்சுச் சொன்ன ஒடனே, நானே எப்பயாச்சும் கதவத் தெறந்து போட்டுட்டேனோன்னு நெனக்க ஆரம்பிச்சுட்டேன். இவங்க குவைத்துல இருந்து போன் பண்ணி, வேலய விட்டுருன்னு சொல்லிட்டாங்க" என்றாள்.

வருத்தம் தெரிவித்தேன். "மொதல்ல அதச் சரி பண்ணுங்க சார். நாளைக்குப் பதினோரு மணி" என்றாள்.

லென்ஸை வைத்துப் பார்த்தபோது, காய்ந்த சந்தனத்தின் நடுவில் கடுகில் பாதி அளவுக்கு ஒரு சிவப்பு. குங்குமம். சனிக்கிழமை டார்ச்சை இன்னொரு இருபது நொடி பிடித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதை அவளிடம் காட்டினேன். அவள் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

சுத்தம் செய்த விதத்தை நீட்டப் போவதில்லை. கை நடுங்காமல் செய்ய வேண்டிய வேலை, ஒரு கம்பி வளைந்தாலும் கதை முடிந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. நான் கொண்டுபோன புது கேபிளைச் செருகி, இருநூற்று நாற்பதில் வைத்தேன். அரை மணி நேரம் பார்த்தோம். ஒரு தடவைகூடக் கறுக்கவில்லை. எனக்கு உயிர் வந்தது.

"ஓடுதும்மா" என்றேன்.

"என் கேபிள்ல போடுங்க சார்."

"அதான் புதுசு கொண்டாந்திருக்கேனே. இதயே வச்சுக்கங்க."

"நாளைக்குச் சோதனைக்குப் பெட்டியில வந்த கேபிளத்தான் போடணும். அது நம்பரெல்லாம் ஏற்கெனவே எழுதிக் குடுத்தாச்சு. நீங்க உங்க கேபிள்ல பாத்துட்டு ஓடுதும்பீங்க, போன தடவையும் அப்படித்தான் சொன்னீங்க."

போட்டேன். ஏழாவது நிமிடம் திரை கறுத்தது. அவள் கையில் இருந்த நோட்டில் நேரத்தை எழுதினாள். அந்தப் பேனாச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. துளைக்குள் இருந்த ஈரச் சந்தனம், முதல் தடவை செருகும்போதே கேபிளின் முனைக்குள்ளும் அப்பியிருக்கிறது. நான் துளையை மட்டும் பார்த்துவிட்டு முனையைப் பார்க்கவில்லை. அவள் கேட்காமல் இருந்திருந்தால் மறுநாள் பதினோரு மணிக்கு, அவர்கள் கண் முன்னால் திரை கறுத்திருக்கும். நான் புதுக்கோட்டையில் நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருந்திருப்பேன்.

முனையைச் சுத்தம் செய்து, காயவிட்டு, மறுபடி போட்டோம். இந்தத் தடவை நான் ஓடுகிறது என்று சொல்லவில்லை. அவளே பார்த்துக்கொள்ளட்டும் என்று நகர்ந்து உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரம் அவள் ஒரு கேமை ஓடவிட்டு, கால் மணிக்கு ஒருதரம் எழுதிக்கொண்டே இருந்தாள். நடுவில் பிள்ளைக்குச் சோறு ஊட்டினாள், சமையல்கட்டில், கதவைச் சாத்திக்கொண்டு. நான் அதைப் பார்க்க வேண்டும் என்று செய்யவில்லை. தினமும் அப்படித்தான் செய்திருக்கிறாள். எனக்குத்தான் பார்க்கக் கூசியது.

கடைசியில் வந்து, "இப்ப ஓடுது சார்" என்றாள். பையை எடுத்தேன். அப்போதுதான் சொன்னாள்.

"எழுதிக் குடுத்துட்டுப் போங்க."

"என்னம்மா?"

"சனிக்கிழம எழுதிக் குடுத்தீங்கல்ல, கையெழுத்துப் போட்டு. அது திருச்சியில இருக்கு. நாளைக்கு இந்த மானிட்டருக்கு வேற ஏதாச்சும் ஆனா, நான் சோறு போட்டவன்னுதான் அதுல இருக்கும். குவைத்துக்கும் அந்தப் பேப்பரப் போட்டோ எடுத்து அனுப்பிட்டாங்க மாமா. நீங்க இப்ப வாயால சொன்னது இந்த ரூமோட போயிரும்."

முதலாளி சொன்னது காதில் கேட்டது. ஏழு பேர், நாலு மாதம், நல்லபடியாகப் போங்கள். கடைக்குப் போய்க் கேட்டுவிட்டு அனுப்புகிறேன் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். வாய்வரை வந்தது. சொல்லியிருந்தால் அவள் மறுத்திருக்க மாட்டாள், "சரிங்க சார்" என்று மட்டும் சொல்லியிருப்பாள். திங்கட்கிழமை போனில் சொன்னாளே, அதே குரலில். அந்தக் குரலை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. என் நேர்மை இவ்வளவுதான், பெரிதாக ஒன்றும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

தாள் கேட்டேன். அவள் வேலையில் தப்புகளை எழுதுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறாள். என்ன செய்யப்பட்டது, என்ன நடந்திருக்க வேண்டும், என்ன நடந்தது. அந்த வரிசையில் எழுதச் சொன்னாள். சோதித்தேன், பிறகு பொட்டு வைத்தேன், அதன் பிறகு சோதிக்கவில்லை, சந்தனம் போர்ட்டுக்குள் இறங்கியது, அதனால் கறுத்தது என்று எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்தாள்.

"நீங்க சனிக்கிழம பாத்தத எழுதலியே சார். எவ்வளவு நேரம் பாத்தீங்க, எத வச்சு சோறுன்னு சொன்னீங்க, அதுவும் நடந்ததுதானே?"

வாங்கி, கீழே எழுதினேன். "பார்த்தது பத்து நொடி. உள்ளே இருந்ததை எடுத்துப் பார்க்கவில்லை. குழந்தையின் சட்டையில் இருந்த சோற்றைப் பார்த்து, உள்ளே இருப்பதும் அதுதான் என்று முடிவுசெய்தேன்." முப்பத்தொரு வருஷத்தில் ஆயிரக்கணக்கான ரிப்போர்ட் எழுதியிருப்பேன். அந்த மூன்று வரியை எழுத ஆன நேரம் எதற்கும் ஆனதில்லை. கையெழுத்துப் போட்டேன். ஒரு நகல் திருச்சிக்கு என்றும் எழுதினேன்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை சோதனையில் திரை ஒரு தடவையும் கறுக்கவில்லை. அவளுக்கு வேலை நிலைத்தது. திருச்சியிலிருந்து ஆட்கள் வந்து எங்கள் மேசையை இரண்டு நாள் குடைந்தார்கள். விளக்கம் கேட்டு வந்த கடிதத்துக்கு முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு பதில் எழுதினார். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உரிமை போகவில்லை, எச்சரிக்கையோடு விட்டார்கள். போயிருந்தால் இந்தக் கதையை நான் இவ்வளவு சாவகாசமாக எழுதிக்கொண்டிருப்பேனா என்று தெரியாது. இப்போது நீங்கள் பொட்டை அட்டைப் பெட்டியின் மேல் வைக்கிறீர்களே, ஏன் என்று யாராவது கேட்டால் சொல்லிக்கொள்ளுங்கள். எல்லாம் முடிந்து பெட்டிக்குள் போவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை, வாடிக்கையாளரின் கேபிளிலேயே, அவர் ஓட்டப் போகும் வேகத்திலேயே சோதிக்க வேண்டும் என்பதும் அன்றிலிருந்து வந்ததுதான். அதற்காக முதலாளி புதிதாகச் சோதனைக் கம்ப்யூட்டர் வாங்கினார்.

ஆனால் நான் உங்களிடம் சொல்ல வந்தது சந்தனத்தைப் பற்றியோ கேபிளைப் பற்றியோ அல்ல. "வாடிக்கையாளர் கவனக்குறைவு" என்பது நம் படிவத்தில் டிக் அடிக்கக் கொடுத்திருக்கும் ஒரு கட்டம். நமக்கு அது ஒரு கட்டம். அந்தத் தாள் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறது என்று நாம் பார்ப்பதில்லை. நான் பார்த்தேன்.

அன்று செவ்வாய்க்கிழமை நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கும்போது சூசை ஏலம் முடிந்து மீன் மார்க்கெட்டிலிருந்து வந்தார். வாசலில் என் செருப்பைப் பார்த்துவிட்டு, வேகமாக உள்ளே வந்தார். "இன்னும் என்ன சொல்ல வந்திருக்கீங்க?" என்றார். ஜெனிபர் அந்தத் தாளை அவரிடம் கொடுத்தாள். அவர் கண்ணாடி இல்லை என்று என்னிடமே நீட்டி, படிக்கச் சொன்னார். நான் எழுதியதை நானே அவருக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். பத்து நொடி, பிள்ளையின் சட்டை, எல்லாவற்றையும்.

அவர் கேட்டுவிட்டு, தாளை வாங்கி மடித்து மருமகளிடம் கொடுத்தார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீங்க சொன்னத நீங்க தாள்ல எழுதிட்டீங்க சார். அன்னைக்கு அத்தன பேரு முன்னால நான் இந்தப் பொண்ணச் சொன்னத, நான் எந்தத் தாள்ல எழுதுறது?"

அந்த வார்த்தையை அவர் வாயில் எடுத்துக் கொடுத்தவன் நான். ஜெனிபர்தான், "விடுங்க மாமா, சாப்புட வாங்க" என்றாள். அவர் சாப்பிடப் போகவில்லை. கைலியில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு, அவள் இடுப்பில் இருந்த பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நான் பாத்துக்கிறேன். நீ போயி ஒன் வேலயப் பாரு ஆத்தா" என்றார்.

அவள் உள்ளே போய் மானிட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.